துடைப்பத்துக்கு முன் கணக்கு: அரசு அலுவலகத்தில் நிலுவையும் குப்பையும் தீர்க்கும் முறை

அலுவலகத் தரையிலும் ஜன்னல் ஓரத்திலும் குவிந்து கிடக்கும் கோப்புகளில் பல, முடிவெடுக்காமல் விட்ட வேலைகள். ‘துப்புரவு வாரம்’ என்று அறிவித்து அவற்றைப் பெட்டியில் அடைத்துப் பின்னறைக்குத் தள்ளினால், சில மாதங்களில் தரை மறுபடி நிரம்பிவிடும். பெட்டிக்குள் போன ஓய்வூதிய விண்ணப்பமோ வீட்டு வரைபட அனுமதியோ யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். தென்னாப்பிரிக்காவில் டர்பன், வெருலம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் நகராட்சியிலும் மாகாணத் துறைகளிலும் பதிவறையையோ கவுண்டரையோ பொறுப்பேற்று நடத்தும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறோம். முதலில் எண்ணுங்கள், அடுத்து முடிவெடுங்கள், அதற்குப் பிறகு கழியுங்கள், கடைசியில் கழுவுங்கள்.

இந்திய ஒன்றிய அரசு 2021 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 31 வரை நடத்தும் சிறப்பு இயக்கத்தில் நிலுவை தீர்ப்பதையும் துப்புரவையும் ஒரே வேலையாகச் சேர்த்திருக்கிறார்கள். என்னென்ன நிலுவை என்ற கணக்கைச் செப்டம்பரிலேயே எடுத்துவிடுகிறார்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த முன்தயாரிப்பைத்தான்.

தேதியைப் பார்த்துத் தொடங்குங்கள். மாகாணத் துறைக்கு நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது, நகராட்சிக்கு ஜூன் 30-இல். முடிவுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் இந்த வேலையைத் தொட்டால் பாதியில் நிற்கும். டிசம்பர் நடுவில் அலுவலகமே காலியாகிவிடும். தைப்பூசக் காவடிக்கும் தீபாவளிக்கும் பொது விடுமுறை இல்லை, நம் ஆட்கள் சொந்த விடுப்பு எடுப்பார்கள். அதையும் அட்டவணையில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவது

ஒரு நாளைக் குறித்து, அந்தத் தேதி வரை வந்து முடியாதவை எல்லாம் ‘பழைய நிலுவை’ என்று கோடு போடுங்கள். அதற்குப் பிறகு வருபவை வேறு கணக்கு. இரண்டையும் கலந்தால் வேலை நகர்கிறதா என்பதே தெரியாது.

ஒவ்வொரு கோப்புக்கும் எக்செல் தாளில் ஒரு வரி: கோப்பு எண், விண்ணப்பதாரரின் 13 இலக்க அடையாள எண், வந்த தேதி, கடைசியாக யாராவது கை வைத்த தேதி, நிற்பதற்கான காரணம். பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். முனுசாமி என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாகப் பதிந்திருப்பார்கள். கோவெண்டர், பிள்ளே, மூட்லி என்ற குடும்பப் பெயர்களிலோ ஒரே தெருவில் பத்துப் பேர் இருப்பார்கள். ‘காணாமல் போன’ கோப்புகளில் பல, வேறு எழுத்துக்கூட்டலில் இரண்டாவதாகத் திறக்கப்பட்டவை. அடையாள எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் இரட்டைக் கோப்புகள் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

காரணத்துக்கு நான்கு குறிகள் போதும்: இங்கேயே முடிக்கலாம், விண்ணப்பதாரரின் தாள் குறைகிறது, வேறு துறையில் நிற்கிறது, இரட்டை அல்லது காலாவதி. ‘பரிசீலனையில்’ என்று ஐந்தாவது குறி வைத்தால் எல்லாம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. பழைய நிலுவை 1,200. நாள் ஒன்றுக்குப் புதிதாக 40 வருகிறது. நீங்கள் முடிப்பது 45. மிச்சம் ஐந்து. 1,200-ஐ ஐந்தால் வகுத்தால் 240 வேலை நாட்கள், ஏறத்தாழ ஓர் ஆண்டு. 60 முடித்தால் 60 நாட்கள், அதாவது மூன்று மாதத்துக்குள். மேலதிகாரியிடம் ஆள் கேட்கும்போது இந்தக் கணக்கை ஒரே தாளில் கொண்டுபோங்கள். ‘வேலைப்பளு அதிகம்’ என்று எழுதும் கடிதத்தைவிட இதற்குப் பலன் உண்டு.

தீர்ப்பது

பழைய நிலுவைக்கென்று இரண்டு பேரைத் தனியாக உட்கார வையுங்கள். வரிசை நீண்டதும் அவர்களைக் கவுண்டருக்கு இழுப்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் தவறு. ஒரே வகை விண்ணப்பங்களைக் கட்டாகச் சேர்த்துச் செய்தால் சட்டமும் படிவமும் மனத்தில் நிற்கும், வேகம் கூடும்.

தாள் குறையும் கோப்புகளுக்கு ஒரே கடிதத்தில் எல்லாக் குறையையும் எழுதுங்கள், திருப்பித் தரவேண்டிய தேதியோடு. இந்த வாரம் மின் கட்டண ரசீது, அடுத்த மாதம் திருமணச் சான்று என்று தவணையில் கேட்பதால்தான் ஒரு பாட்டி டர்பன் புறநகரான ஃபீனிக்ஸிலிருந்து டாக்சி பிடித்து நான்கு முறை வருகிறார். வேறு துறையில் நிற்பவற்றுக்குத் தனித்தனி நினைவூட்டல் அனுப்பாமல், வெள்ளிக்கிழமைதோறும் ஒரே பட்டியலாக, அங்கே பெயர் தெரிந்த ஓர் அதிகாரிக்கு அனுப்புங்கள்.

எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் எளிதானவற்றையே எடுப்பார்கள். மிகப் பழையவை அப்படியே இருக்கும். தினமும் முடிப்பதில் நான்கில் ஒன்று பட்டியலின் அடியிலிருந்து, அதாவது மிகப் பழையதிலிருந்து வரவேண்டும் என்று விதி வையுங்கள். இதைவிட மோசமானது, தீர்ப்பதற்காகவே நிராகரிப்பது. நிர்வாக நீதிச் சட்டம் (2000-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம்) பாதிக்கப்பட்டவருக்கு எழுத்துமூலக் காரணம் கேட்கும் உரிமை தருகிறது. அவசர நிராகரிப்பு மேல்முறையீடாகத் திரும்பி வந்து இரட்டை வேலையாகும். தகவல் கோரிக்கைகளுக்கும் சப்ளையர் பில்களுக்கும் 30 நாள் கெடு உண்டு. அவற்றை வேறு நிறத் தாளில் முன்னே வையுங்கள்.

எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால் கையெழுத்து மேசையைப் பாருங்கள். பல இடங்களில் எழுத்தர் மேசை காலியாக இருக்கும், ஒரே ஒரு மேலாளரின் மேசையில் இருநூறு கோப்பு இருக்கும். சிறு அனுமதிகளுக்கு எழுத்துமூல அதிகாரப் பகிர்வு வாங்குவது ஒன்றே அதற்கு வழி.

கழிப்பது

இங்கே அவசரம் கூடவே கூடாது. தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி (1996-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் சட்டம்) ஆவணக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்த அரசுப் பதிவையும் அழிக்க முடியாது. மாகாணத் துறைக்கும் நகராட்சிக்கும் அந்த அனுமதி மாகாணக் காப்பகத்திலிருந்து வரவேண்டும். உங்கள் கோப்புத் திட்டத்தில் ஒவ்வொரு தொடருக்கும் குறி இருக்கும்: ‘ஏ20’ என்றால் 20 ஆண்டுக்குப் பின் காப்பகத்துக்குப் போகும், ‘டி’ என்றால் அழிக்கலாம், பக்கத்தில் உள்ள எண் எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது. வழக்கோ தணிக்கையோ தகவல் கோரிக்கையோ நிலுவையில் இருந்தால் காலம் முடிந்தாலும் தொடாதீர்கள். அழித்த பிறகு பட்டியலோடு சான்றிதழ் எழுதி வையுங்கள்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது முதல் எழுதிய கப்பல் பட்டியல்கள் பிழைத்திருப்பதால்தான் இன்று நம் பிள்ளைகள் பாட்டனின் ஊரையும் ஒப்பந்த எண்ணையும் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் பின்னறையில் இருக்கும் பழைய வீட்டு ஒதுக்கீட்டுப் பதிவேடும் நாளை அப்படித்தான் தேடப்படும்.

அடையாள அட்டை நகல் உள்ள தாள்களை முழுசாகப் பழைய பேப்பருக்குப் போடக்கூடாது. குறுக்குவெட்டு ஷ்ரெடரில் போட்டபின் கொடுங்கள். உடைந்த நாற்காலியையும் கணினியையும் சொத்துப் பதிவேட்டில் நீக்கிய பிறகே வெளியே அனுப்புங்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

கழுவுவது

டர்பன் கடற்கரைக் காற்றில் கோப்பு அறைக்கு முதல் எதிரி ஈரம். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள். 65-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். பகலில் ஏர்கண்டிஷனைப் போட்டு மாலையில் அணைத்தால், இரவில் உள்ளே வரும் ஈரக்காற்று குளிர்ந்த தாளிலும் இரும்பு அலமாரியிலும் படிந்துவிடும். அதைவிடச் சின்ன ஈரநீக்கி இயந்திரம் இரவும் பகலும் ஓடுவது நல்லது. அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், அலமாரி வெளிச்சுவரிலிருந்து ஒரு கை நுழையும் அளவு விலகட்டும். ரப்பர் பேண்ட் உருகித் தாளில் ஒட்டும், இரும்புக் கிளிப் துருப்பிடிக்கும். பருத்தி நாடாவால் கட்டுங்கள். சாப்பாடு அறைக்குள் வரக்கூடாது. சோற்றுப் பருக்கைக்குக் கரப்பான் வரும், பழைய பசைக்கு இராமபாணப் பூச்சி வரும்.

பூஞ்சணம் பிடித்த கோப்பைத் துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறை முழுக்கப் பரவும். முதலில் தனியே எடுத்து வையுங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, தாள் நன்றாகக் காய்ந்த பிறகு மென்தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். தாளில் பிளீச் படவே கூடாது, மை போய்விடும், தாளும் நொறுங்கும். டர்பனில் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நடந்தது போல் கோப்புகள் நனைந்தால், பூஞ்சணம் பிடிக்குமுன் உலர்த்த 48 மணி நேரம்தான் கெடு. பக்கங்களுக்கிடையே அச்சிடாத வெள்ளைத்தாள் செருகி, விசிறிக் காற்று நேரே படாமல் உலர்த்துங்கள். அளவு அதிகம் என்றால் பிளாஸ்டிக்கில் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். வெயிலில் காயவைத்தால் எழுத்து மங்கும்.

கவுண்டர், கதவுக் கைப்பிடி, கழிப்பறைக்கு 3.5 சதவீத பிளீச் 150 மில்லியை 5 லிட்டர் குளிர்ந்த நீரில் கலந்தால் போதும். முதலில் சோப்பு நீரால் அழுக்கை எடுங்கள், அழுக்கின் மேல் பிளீச் வேலை செய்யாது. பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். அன்று கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். அமோனியா கலந்த கிளீனரோடும் கழிப்பறை அமிலத்தோடும் சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும், துப்புரவு ஊழியருக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். தண்ணீர் நிற்கும் நாட்களுக்கு ஜோஜோ டேங்கிலிருந்து (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) கழிப்பறைக்குத் தனிக் குழாய் இழுத்து வைத்தால் அலுவலகத்தை மூட வேண்டியிராது.

பிறகு வாரந்தோறும் மூன்று எண்களைப் பலகையில் எழுதுங்கள்: வந்தவை, முடிந்தவை, மிகப் பழைய கோப்பின் வயது. தொடர்ந்து மூன்று வாரம் முடிந்தவற்றைவிட வந்தவை அதிகம் என்றால், அந்த வாரமே எந்த வகை விண்ணப்பம் கூடியது என்று பிரித்துப் பார்த்து, அந்த மேசைக்கு ஓர் ஆளை மாற்றுங்கள்.