மெஸ் தொழிலாளருக்குத் துணை நிற்கும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கல்லூரி மாணவர்கள் சிலர் தங்கள் மனு ஒன்றைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். விடுதி மெஸ்ஸில் வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று சரியாகத் தொடங்கிய அந்த மனு, ‘ஒப்பந்ததாரரை உடனே நீக்குக’ என்று முடிந்திருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எழுதிய மனுவும் அதே வரியில்தான் முடிந்தது. எல்லோருக்கும் தெரிந்த சிறு தவறுகளை விட்டுவிட்டு, இதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒப்பந்ததாரரை மாற்றச் சொல்வது

எங்கள் மெஸ்ஸில் சப்பாத்தி தேய்த்த அக்கா ஒருவர், வந்த நேரம், போன நேரம், கைக்கு வந்த தொகை ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, மாவுக் கறை படியாமல் பாலித்தீன் பைக்குள் வைத்திருந்தார். பி.எஃப். என்று மாதந்தோறும் பிடித்த பணம் அவர் கணக்கில் ஏறவே இல்லை. கொதித்துப்போய் மூன்று நாள் மெஸ்ஸைப் புறக்கணித்தோம். நிர்வாகம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. வெற்றி என்று கொண்டாடினோம். அடுத்த மாதம் புதிய ஒப்பந்ததாரர் தம் ஆட்களோடு வந்து இறங்க, பழைய தொழிலாளர் அத்தனை பேரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். “தம்பி, ஓனரை மாத்தச் சொன்னோமா? சம்பளத்தைத்தானே கேக்கச் சொன்னோம்?” என்றார் அந்த அக்கா. நிலுவைக் கூலியும் போயிற்று, பணிக்கொடைக்குக் கணக்காகியிருக்க வேண்டிய ஆண்டுகளும் போயின. இன்றும் இதே வரியை வேறொரு மனுவில் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நாங்கள் நிர்வாகத்தைப் பிடித்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் கூலியைக் கொடுக்கத் தவறினாலோ குறைத்துக் கொடுத்தாலோ, முதன்மை வேலையளிப்பவரே (இங்கே கல்லூரி நிர்வாகம்) அதைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொன்னது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அந்தப் பொறுப்பைத் தொடர்கிறது. மேலும், மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே டெண்டரைக் கொடுக்கும் நிர்வாகம், கூலியில் கை வைக்கும் வழியைத் தானே திறந்துவிடுகிறது. ஒப்பந்ததாரர் மாறினாலும் இருக்கும் தொழிலாளரே தொடர வேண்டும் என்ற நிபந்தனையை டெண்டரிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

தொழிலாளர் கேட்காததைக் கேட்பது

2016 அக்டோபரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உணவகத் தொழிலாளர் ஏறத்தாழ 750 பேர் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆண்டுக்குக் குறைந்தது 35,000 டாலர் வருமானம் வேண்டும், மருத்துவச் செலவைத் தங்கள் தலையில் ஏற்றக் கூடாது என்ற கோரிக்கைகளை வகுத்தது அவர்களுடைய சங்கம். மாணவர்கள் அதே கோரிக்கைகளோடு வகுப்பைவிட்டு வெளியேறி, பேச்சுவார்த்தை நடந்த கட்டடத்தின் முன்கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஓரிரு நாளில் உடன்பாடு வந்தது.

பெயரையும் படத்தையும் வெளியிடுவது

வேண்டாம். தொழிலாளரே சம்மதித்தாலும் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

விடுமுறையை மறப்பது

விடுதி மூடும் மாதத்தில் சம்பளம் கிடையாது; ஹார்வர்டு தொழிலாளரின் குறைகளிலும் கோடைக்கால வருமான இழப்பு ஒன்று. பழிவாங்கலும் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கிறது. ஏப்ரலில் போராட்டத்தைத் தொடங்குபவர்கள், தேர்வு முடிந்து ஊருக்குப் போகும் முன், மே மாதத்தில் மெஸ் தொழிலாளரோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு யார் போவது என்பதை முடிவு செய்துவிடுங்கள்.