ஜாவா ஃபில்டர்: வலைப்பக்கம் போகும்போதும் வரும்போதும் கைவைப்பது எப்படி?

காரைக்குடியில் ஆத்தங்குடிக் கல் விற்கும் ஒரு கடையின் தளம் என்று வைத்துக்கொள்வோம். வேலை இரண்டு. தேடல் பெட்டியில் 'கோனாபட்டு' என்று அடித்தால் அந்த ஊர் ஆர்டர்கள் வர வேண்டும். பழைய பக்கங்களில் ஹெச்டிடிபி என்றிருக்கும் பட இணைப்புகள் ஹெச்டிடிபிஎஸ் ஆக வேண்டும். இதற்காக ஜேஎஸ்பி (பக்கத்தை உருவாக்கும் ஜாவா வார்ப்பு) கோப்பு ஒவ்வொன்றையும் திறக்க வேண்டாம்; கோரிக்கை உள்ளே போகும்போதும் பதில் திரும்பும்போதும் நடுவில் நின்று மாற்றும் ஜாவா நிரலான ஃபில்டர் போதும். மேவன் (ஜாவா திட்டத்தைக் கட்டும் கருவி), டாம்கேட் (ஜாவா தளத்தை ஓட்டும் சர்வர்) பழக்கம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: டாம்கேட் 9 என்றால் இம்போர்ட் வரி ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட், 10 முதல் ஜகார்த்தா.சர்வ்லெட். மாற்றிப் போட்டால் ஃபில்டர் ஏறவே ஏறாது.

படி 2: ஃபில்டர் இன்டர்ஃபேஸை எடுத்து டூஃபில்டர் மெத்தடை எழுதுங்கள். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று உள்ளே போனவர் அதே வழியில் தலைகீழாகத்தானே திரும்ப வேண்டும்? ஃபில்டர்களும் அப்படித்தான். கோரிக்கையை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் செயின்.டூஃபில்டர் வரிக்கு முன்னால் எழுதியது போகும்போது ஓடும், பின்னால் எழுதியது திரும்பும்போது ஓடும். அந்த வரியையே மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, வெற்றுப் பக்கம்தான் வரும். எல்லாக் கோரிக்கைக்கும் ஒரே ஃபில்டர் ஆப்ஜெக்ட் என்பதால் பயனர் தகவல் எதையும் அதன் ஃபீல்டில் வைக்காதீர்கள்.

பதிவு செய்ய வெப்ஃபில்டர் அனோட்டேஷன் சுலபம்தான். ஆனால் ஃபில்டர் ஒன்றுக்கு மேல் இருந்தால் எது முதலில் ஓடும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை. வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதுங்கள். மேப்பிங் (எந்த முகவரிக்கு எந்த ஃபில்டர் என்ற குறிப்பு) எழுதிய வரிசையே ஓடும் வரிசை. யூடிஎஃப்-8 என்று என்கோடிங் வைக்கும் ஃபில்டர் எப்போதும் முதலில். அதற்கு முன் யாராவது, வந்த மதிப்பைப் படிக்கும் கெட்பாராமீட்டரை அழைத்துவிட்டால், போஸ்ட்டில் வந்த தமிழ் சிதைந்தது சிதைந்ததுதான்.

படி 3, கோரிக்கை: 'கோ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிடும் ஈக்வல்ஸுக்கு வேறு வேறு. கோரிக்கையைப் போர்த்தும் ஹெச்டிடிபிசர்வ்லெட்ரிக்வெஸ்ட்ரேப்பரை எக்ஸ்டெண்ட் செய்து, மதிப்பை நார்மலைசரின் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும்) வடிவத்துக்கு மாற்றித் திருப்புங்கள். கெட்பாராமீட்டரை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான்; ஸ்பிரிங் (ஜாவா வலைச் சட்டகம்) கேட்பது கெட்பாராமீட்டர்வேல்யூஸை. அதையும் கெட்பாராமீட்டர்மேப்பையும் சேர்த்து மாற்றுங்கள். டேட்டாபேஸில் கிடக்கும் ஊர்ப்பெயர்களும் என்எஃப்சி ஆகாமல் தேடல் பொருந்தாது.

படி 4, பதில்: பலரும் இடறுவது இங்கேதான். செயின் முடிந்து திரும்பும்போது பக்கம் பெரும்பாலும் பிரவுசருக்குக் கிளம்பியிருக்கும். அதனால் ஹெச்டிடிபிசர்வ்லெட்ரெஸ்பான்ஸ்ரேப்பர் ஒன்றை முன்னதாகவே கொடுத்து, பைட்அரேஅவுட்புட்ஸ்ட்ரீமில் எல்லாவற்றையும் பிடியுங்கள். ஜேஎஸ்பி கெட்ரைட்டரைக் கேட்கும், படம் அனுப்பும் சர்வ்லெட் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) கெட்அவுட்புட்ஸ்ட்ரீமைக் கேட்கும்; இரண்டையும் மாற்றி எழுத வேண்டும். ஃப்ளஷ்பஃபரையும் மாற்றி, ரைட்டரை மட்டும் ஃப்ளஷ் செய்யுங்கள். இல்லாவிட்டால் பதில் முன்கூட்டியே கமிட் ஆகி (பிரவுசருக்குக் கிளம்பி), ஹெடர் எதுவும் ஏறாது. பிடித்ததை எடுக்கும் முன் ரைட்டரை ஃப்ளஷ் செய்ய மறந்தால் பக்கத்தின் வால் காணாமல் போகும்.

அடுத்தது நீளம். உள்ளே இருக்கும் சர்வ்லெட் வைக்கும் கன்டென்ட்-லெங்த் பழைய பக்கத்தின் அளவு. 'எஸ்' என்ற ஓரெழுத்து கூடினாலும் அது பொய்யாகிவிடும். ரேப்பரில் செட்கன்டென்ட்லெங்த், செட்கன்டென்ட்லெங்த்லாங் இரண்டையும் ஒன்றும் செய்யாதபடி ஆக்கி, மாற்றம் முடிந்தபின் நீங்களே வையுங்கள். ஆனால் ஸ்ட்ரிங்கின் லெங்த் கூடாது, பைட் எண்ணிக்கைதான் வேண்டும். 'கோனாபட்டு' என்எஃப்சியில் 9 குறிகள், யூடிஎஃப்-8இல் 27 பைட். 9 என்று வைத்தால் பிரவுசருக்குப் போவது 'கோன' மட்டும். ஆங்கிலப் பக்கத்தில் சோதித்துவிட்டுத் தமிழ்ப் பக்கத்தில் மாட்டுவது இதனால்தான்.

கன்டென்ட்-டைப் ஹெச்டிஎம்எல் என்றால் மட்டும் ஸ்ட்ரிங்காக்கி மாற்றுங்கள். கல்லின் படத்தை ஸ்ட்ரிங்காக்கித் திருப்பினால் படம் கெட்டுவிடும். ஜிசிப் சுருக்கத்தை டாம்கேட் கனெக்டரிடமே விட்டுவிடுவது நல்லது. உள் ஃபில்டர் சுருக்கினால் உங்கள் கையில் வருவது சுருங்கிய பைட்கள்தான்.

பின்சேர்க்கை: 404 பக்கத்தில் மட்டும் இணைப்பு மாறவில்லையா? எதுவும் சொல்லாவிட்டால் ஃபில்டர் நேரடியாக வரும் ரிக்வெஸ்ட் வகைக்கு மட்டுமே ஓடும்; 404 பக்கம் எரர் வகை. மேப்பிங்கில் டிஸ்பேட்சர் வரிகளாக ரிக்வெஸ்ட், எரர் இரண்டையும் எழுதுங்கள். எரர் மட்டும் எழுதினால் மற்ற பக்கங்களில் ஃபில்டர் நின்றுபோகும்.