பழைய மாருதி 800 வாங்குகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச்சைப் படாரென்று விட்டு வண்டியை நடு ரோட்டில் ஆஃப் செய்து திட்டு வாங்கியவர்களில் நிறையப் பேர் அதை ஒரு மாருதி 800-ல்தான் செய்திருப்போம். 1983 டிசம்பரில் வந்த வண்டி, 2014 ஜனவரியில்தான் தயாரிப்பை நிறுத்தினார்கள். சென்னையில் அதற்கு முன்பே, 2010-ல் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 13 நகரங்களில் ஒன்றாக, விற்பனை நின்றுவிட்டது. ஆகவே இன்று சந்தையில் கிடைக்கும் எந்த 800-ம் கிழவன்தான். ஆனால் இந்தக் கிழவனை வயது கொன்று நான் பார்த்தது குறைவு, சூடு கொன்று பார்த்தது அதிகம். அதனால்தான் தலைப்பில் தண்ணீர்.

முதலில் இஞ்சின் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். பெயர் எஃப்8பி. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஒரே கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), சிலிண்டருக்கு இரண்டு வால்வு என்று மொத்தம் ஆறு. சிலிண்டரின் விட்டம் (போர்) 68.5 மிமீ, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 72 மிமீ. எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) 5000 ஆர்பிஎம்மில் 37 பிஎச்பி, 2500-ல் 59 நியூட்டன் மீட்டர் டார்க். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் வண்டியின் எடையே சுமார் 650 கிலோதான், அதனால் ஊருக்குள் போதும். ஆம்னியிலும் இதே இஞ்சின்தான், ஆகவே ஸ்பேருக்குப் பஞ்சமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: 2000-ஐ ஒட்டி 12 வால்வு, ஐந்து கியர் வைத்த 800 ஒன்றும் வந்தது, அதன் ஹெட்டே (வால்வுகள் இருக்கிற, இஞ்சினின் மேல் பகுதி) வேறு. கேஸ்கெட் வாங்கப் போகும்போது வெறுமனே “800-க்குக் கொடுங்க” என்று சொல்லாமல் ஆறு வால்வா பன்னிரண்டு வால்வா, கார்புரேட்டரா எம்பிஎஃப்ஐயா என்று சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு இரண்டு தடவை அலைய வேண்டும்.

வண்டி பார்க்கப் போகும்போது “வந்துகொண்டே இருக்கிறேன், ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம், குறைந்தபட்சம் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லலாம். குளிர்ந்த இஞ்சினில்தான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியும் (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும், விளையாட்டில்லை). உள்ளே பச்சையோ சிவப்போ கூலன்ட் இருந்தால் நல்லது. செம்மண் குட்டை மாதிரி துருத் தண்ணீர் இருந்தால் இத்தனை வருஷமும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நம் ஊர் போர் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டர் டியூபுக்குள் படிந்து அடைத்துவிடும், கெட்டிலில் படிகிற வெள்ளைப் படிவம் மாதிரியேதான். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால், அல்லது ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் கெட்டியாக அப்பியிருந்தால், ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கிற தகடு, போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது ஸ்டார்ட் செய்து, ஏசி இருந்தால் அதைப் போடாமல், பதினைந்து இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். பேசிக்கொண்டே இருங்கள், ஆனால் கண் டெம்பரேச்சர் முள்ளில் இருக்கட்டும். முள் நடுவுக்கு வந்து, ஃபேன் தானாக ஓடி, கொஞ்ச நேரத்தில் தானாக நிற்க வேண்டும். சாவி போட்டதுமே ஃபேன் ஓடினால், சூட்டைப் பார்த்து ஃபேனைப் போடுகிற தெர்மோ ஸ்விட்ச் செத்துப்போய் யாரோ நேரடியாக ஒயர் இழுத்திருக்கிறார்கள். ஃபேனே ஓடவில்லையா, பேட்டரியில் இருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு ஸ்விட்ச்சிலோ ஃபியூஸிலோ ஒயரிங்கிலோ இருக்கிறது, செலவு கம்மி.

இன்னொன்று, முள் நடுவுக்கே வராமல் அடியிலேயே கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். இஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டிருப்பார்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்” என்று கேட்கிற மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் உண்டு, என் வண்டியிலும் ஒருவர் கழற்றினார், நானும் தலையாட்டினேன். இஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலேயே ஓடும், பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகத் தங்கும். தெர்மோஸ்டாட் விலை குறைவு. திரும்பப் போடுங்கள்.

சூடு விஷயத்தில் இந்த இஞ்சினில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான், நாம் ஃபேன் பெல்ட் என்று பழக்கத்தில் சொல்கிறோமே அது, வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. ஒரு முறை செங்கல்பட்டு தாண்டிப் போகும்போது டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறவில்லை போலிருக்கிறது, பகல்தானே, ஹெட்லைட் வேண்டாமே, திண்டிவனத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து ஓட்டினேன். திண்டிவனம் வரவில்லை, அதற்கு முன்பே ஆவி வந்துவிட்டது. போனது அந்தப் பெல்ட், அதோடு வாட்டர் பம்பும் நின்றிருந்தது. ஹெட் அலுமினியம், அதிகம் சூடானால் வளைந்துவிடும். கழற்றி லேத்தில் கொடுத்துச் சமதளமாகச் சீவி (ஃபேஸிங்), புது கேஸ்கெட் போட்டு, என் சோம்பேறித்தனத்துக்கு நல்ல விலை கொடுத்தேன். ஆக, 800-ல் பேட்டரி விளக்கு எரிந்தால் அதைத் தண்ணீர் விளக்கு என்று நினைத்து உடனே ஓரங்கட்டுங்கள். சூடான இஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், ஆறட்டும். ஒரு ஸ்பேர் பெல்ட்டும் இரண்டு ஸ்பேனரும் டிக்கியில் எப்போதும் கிடக்கட்டும்.

கேம்ஷாஃப்டைச் சுற்றுகிற டைமிங் பெல்ட் வேறு, அது மூடிக்குள் இருக்கும், ரப்பர். எப்போது மாற்றியது என்று ஓனருக்குத் தெரியவில்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். கேம், கிராங்க் ஆயில் சீல்களையும் அதோடு போட்டுவிட்டால் நல்லது, ஏனென்றால் அங்கிருந்து கசியும் ஆயில்தான் பெல்ட்டைத் தின்கிறது. ஓடுகிற வண்டி திடீரென்று நின்று, செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறதா? டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது) மூடியைக் கழற்றிவிட்டு ஒருவரை ஒரே ஒரு நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்டில் இருந்துதான் சுற்றுகிறது; உள்ளே ரோட்டர் அசையவில்லை என்றால் பெல்ட் அறுந்துவிட்டது. அதற்கு மேல் செல்ஃப் அடிக்காமல் டோ செய்யச் சொல்லுங்கள்.

புகைக்கு வருவோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், சின்ன வேலை. ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க நீலமாக வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், குபுகுபுவென்று புகை அடித்தால் அதுவும் ரிங்கைத்தான் காட்டும். உறுதியாகத் தெரிய கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மீட்டர் வைத்து அளப்பது: ஒரு சிலிண்டரில் குறைவாகக் காட்டினால் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. பிளக்குகள் மூன்றுதான், கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம். இளம் பழுப்பு நிறம் நல்லது, காய்ந்த கரி பெட்ரோல் அதிகம், ஈரமான கரி ஆயில், சுண்ணாம்பு வெள்ளை என்றால் சூடு. திரும்பப் போடும்போது ஒயர்கள் மாறக் கூடாது, சிலிண்டர்கள் பற்றும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-3-2.

கார்புரேட்டர் வண்டியின் தொல்லைகள் பெரும்பாலும் நிற்கும் வண்டியின் தொல்லைகள். இரண்டு மாதம் ஓட்டாமல் விட்டால் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடுகிற சின்னத் துளையான ஸ்லோ ஜெட் அடைத்து, சோக் இழுத்தால்தான் இஞ்சின் ஓடும், விட்டால் ஆஃப். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் ஃபியூல் பம்ப் டயஃப்ரமும் அதற்காகச் செய்தவை அல்ல, உப்பிப் பிளந்து கசியும். ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாக, எத்தனால் தாங்குகிற வகையாகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவது மைலேஜ் பிரச்சினை அல்ல, தீப்பிடிக்கிற பிரச்சினை. டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, பம்ப் டயஃப்ரம் கிழிந்து ஆயிலில் கலக்கிறது, அன்றே ஆயிலோடு மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் (தீப்பொறிக்காகக் கரண்டை வெட்டிவிடும் சின்ன ஸ்விட்ச்) வைத்த பழைய வண்டியில் மிஸ்ஸிங் வந்தால் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் பாயின்ட், கண்டன்ஸர் இரண்டையும் பாருங்கள். மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை உலர்ந்த துணியால் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

எம்பிஎஃப்ஐயில் இந்தத் தலைவலி குறைவு. ஐட்லிங் ஏறி இறங்கினால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தாலே பாதிச் சமயம் சரியாகிவிடும். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது, எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் அது சூடாகிச் சீக்கிரம் போகும்.

ஐட்லிங்கில் ஸ்டியரிங் உதறினால் பயப்பட வேண்டாம், மூன்று சிலிண்டர் அப்படித்தான் கொஞ்சம் ஆடும். ஆனால் கியர் லிவர், கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஆடினால் இஞ்சின் மவுன்டிங் ரப்பர் கிழிந்திருக்கும். வால்வு கவரிலும் டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலும் ஆயில் வேர்த்திருப்பதைப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள், வேண்டாம் என்று திரும்பி வராதீர்கள், இரண்டும் ஒரு கேஸ்கெட், ஒரு ஓ-ரிங் வேலை. முள் மட்டும் பாதிக்கு மேல் ஏறியதென்றால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் சரி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.