எம்எம் எண்ணுக்கு மயங்காதீர்கள்: பறவை, காட்டுயிர்ப் படங்களுக்குக் கேமரா வாங்கும்போது நேரும் தவறுகள்

பறவைப் படம் எடுக்க ஆசைப்படுபவர் முதலில் கேட்பது, "எத்தனை எம்எம் லென்ஸ் வேண்டும்?" என்றுதான். எம்எம் என்பது லென்ஸின் குவியத்தூரம், அந்த எண் கூடக்கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். கேள்வியில் பிழையில்லை, சின்னஞ்சிறு பறவைகளுக்கு 400 எம்எம்கூடப் பல நேரம் போதாது. அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து வாங்குவதில்தான் பணம் வீணாகிறது.

2018இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி1000 கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். 3000 எம்எம்முக்கு இணையான ஜூம் என்பார்கள். அதன் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 539 எம்எம்தான். படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் 1/2.3 அங்குல அளவுள்ள சிறு சில்லு என்பதால் காட்சியின் நடுப்பகுதி மட்டும் பதிவாகிறது, அதுவே 3000 ஆகத் தெரிகிறது. நல்ல வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கழுகை அது அழகாகவே எடுக்கும். பறவைகளை அடையாளம் காண மட்டும் படம் வேண்டும் என்பவருக்கு நானே அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் விடியற்கால நிழலில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றியதும் இறகின் நுணுக்கமெல்லாம் குழைந்துபோகும்.

"கிராப் சென்சாரில் 400 எம்எம் லென்ஸ் 600 ஆகிவிடும்" என்பதும் இதே வகைப் பாதி உண்மை. கிராப் சென்சார் என்பது, பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரைவிடச் சிறியது. லென்ஸ் மாறுவதில்லை, ஓரங்கள்தான் வெட்டுப்படுகின்றன. பறவையின் உடல்மீது எத்தனை பிக்சல் விழுகிறது என்று பாருங்கள். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் படத்தை 1.5 மடங்குக்கு வெட்டினால் ஏறக்குறைய 20 மெகாபிக்சல் மிஞ்சும். 20 மெகாபிக்சல் கிராப் கேமராவும் அதையேதான் தருகிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் அப்படி வெட்டினால் 10, 11 தேறினால் அதிகம். ஃபுல் ஃபிரேம் பாடிக்கே பணத்தையெல்லாம் கொட்டிவிட்டு, லென்ஸுக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை மோசமான பேரம் என்றுதான் சொல்வேன். பாடியைச் சில வருடங்களில் மாற்றிவிடுவோம், நல்ல லென்ஸ் அதைவிட நெடுங்காலம் உழைக்கும்.

அடுத்து வெளிச்சம். விலங்குகள் பெரும்பாலும் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். பறவைகள் பலவும் இலை நிழலைத் தேடும். எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் அதிகம். எஃப் 6.3 லென்ஸில் 1/1000 வினாடி ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ 3200 போதுமான இடத்தில், எஃப் 11 லென்ஸுக்கு ஏறக்குறைய 10,000 தேவைப்படும். நிலைப்படுத்தி இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அது நம் கை நடுக்கத்தை அடக்கும், சிறகசைப்பை அல்ல. பறக்கும் பறவைக்கு 1/2000 வினாடியோ அதைவிட விரைவாகவோ வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும். லென்ஸுக்கும் பாடிக்கும் இடையே மாட்டி எம்எம்மைப் பெருக்கும் டெலிகன்வர்ட்டரை வாங்குவோர் கவனிக்காமல் விடுவதும் இதுதான்: 1.4 மடங்கு மாட்டினால் சென்சாருக்குப் போகும் வெளிச்சம் பாதி, 2 மடங்கு மாட்டினால் கால் பங்கு. எஃப் 6.3 ஜூமில் 2 மடங்கு கன்வர்ட்டர் மாட்டினால் அது எஃப் 13 லென்ஸ் ஆகிவிடும். உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் சிறந்தவைகூட எஃப் 8க்கு மேல் பொதுவாக ஆட்டோஃபோகஸ் செய்யாது.

எடையைத் தாளில் படித்தால் உறைக்காது. சிக்மாவின் 150-600 கன்டெம்பரரி சுமார் 1.9 கிலோ, அதே 150-600இன் ஸ்போர்ட்ஸ் வகை சுமார் 2.9 கிலோ. பாடியும் சேர்ந்து, பறவை கிளம்பும்வரை கண்ணோடு ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும். கை தளர்ந்து கேமராவை இறக்கும் நொடியில்தான் அது பறக்கும்!

யானை, காட்டெருமை போன்றவற்றை வண்டியிலிருந்து எடுப்பவருக்கு 600 எம்எம் பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) சில நேரம் பெரும் இடைஞ்சல், காது மட்டும்தான் ஃபிரேமில் அடங்கும். அவர்களுக்கு 100-400 போன்ற ஜூமே வசதி.

நொடிக்கு 20, 30 படம் என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது, அந்த வேகம் மெக்கானிக்கல் ஷட்டரிலா, மின்னணு ஷட்டரிலா என்று கேளுங்கள். சென்சாரைப் படிக்கும் வேகம் குறைந்த கேமராவில் மின்னணு ஷட்டர் போட்டால் சிறகுகள் வளைந்து கோணலாகப் பதிவாகும். மெமரி கார்டு மெதுவானதென்றால் பஃபர் (படங்கள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) நிறைந்து, சில நொடிகளில் கேமரா திக்கத் தொடங்கும். கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் ஆட்டோஃபோகஸ் பெரிய வரம்தான், ஆனால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை அது பிடித்துக்கொள்வதும் உண்டு. ஒற்றைப் புள்ளிக்குச் சட்டென்று மாற ஒரு பொத்தானை ஒதுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் ஒரு டார்ச்சோடு போவது நல்லது. பின்பக்கத்திலிருந்து ஒளியைச் செலுத்தி, சாய்வாகப் பார்த்தால் சிலந்தி நூல் போன்ற பூஞ்சை தெரியும்; தெரிந்தால் வாங்காதீர்கள். பிறகு அதைப் பாடியில் மாட்டி, கடைக்குள்ளேயே நிற்காமல் வாசலுக்கு வாருங்கள். ஜூமை முழுக்க நீட்டி, அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) முழுக்கத் திறந்து, தூரத்தில் நகரும் எதையாவது துரத்திச் சில படங்கள் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.