ஒற்றைக் கை டிரம் ரோல்: இரண்டாம் அடியைச் சரிசெய்த என் அனுபவம்

ஸ்னேர் டிரம்மில் ஒரே கையால் ரோல், அதாவது இடைவிடாத தொடர் அடிகள், வாசிக்கும் முறையை அமெரிக்க டிரம் கலைஞர் ஜானி ராப் பரவலாக அறியச் செய்தார். அதிவேக மெட்டல் இசையில் இதற்கு கிராவிட்டி பிளாஸ்ட் என்று பெயர். குச்சியின் தண்டு டிரம்மின் உலோக விளிம்பில் படும்படி கையை இறக்கும்போது முதல் அடி விழுகிறது. கை மேலும் தாழ, விளிம்பைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு குச்சியின் நுனி சிறுவர் ஏறி விளையாடும் சீசா பலகையைப் போல எழும்புகிறது. கையைத் தூக்கியவுடன் அந்நுனி மீண்டும் தோலில் இறங்கி இரண்டாம் அடியைத் தருகிறது.

என்னை வாட்டியது அந்த இரண்டாம் அடிதான். அது மெலிந்து ஒலித்ததால் ரோல் முழுவதும் நொண்டியது. வேகத்தை ஒதுக்கிவிட்டு, கை எங்கே தடைப்படுகிறது என்று கவனித்தபோது, டிரம் தாழ்வாக இருந்ததால் விளிம்புக்குக் கீழே கை இறங்குமுன் தொடை குறுக்கிடுவது தெரிந்தது. ஸ்டாண்டைச் சற்று உயர்த்தியதும் பாதிக் குறை நீங்கியது. குச்சியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மட்டும் பிடித்து, மற்ற விரல்களைத் தளர்த்தினேன். பிறகு தண்டு விளிம்பில் படும் இடத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, இரு அடிகளும் நிறைவாக ஒலிக்கும் இடத்தில் பென்சிலால் கோடிட்டேன்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, அதன் ஒவ்வொரு தட்டும் கையின் மேல்நோக்கிய அசைவில் விழுமாறு பயின்றதே, என் கணிப்பில், மிகுதியாக உதவியது. விளிம்பு தண்டை விரைவில் அரித்துவிடும் என்பதால், கோடிட்ட இடத்தில் துணி டேப் சுற்றிக்கொள்வது நல்லது.