பழைய பத்திரச் சொற்களைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்காட்டு நவாபுகள் ஆண்ட பகுதி என்பதால், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பழைய பத்திரங்களில் பாரசீகச் சொற்களும் வடமொழித் தொடர்களும் தமிழோடு பின்னிக் கிடக்கின்றன. ‘வட ஆற்காடு ஜில்லா’ என்று தொடங்கும் அந்தத் தாள்களை இன்றைய பேச்சுவழக்கின் பொருளை வைத்துப் படிப்பதே பெரும்பாலான தவறுகளுக்கு மூலம்.

‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ளவும்’ என்ற தொடரைக் கண்டதும், சொத்து மகனுக்கும் பேரனுக்கும் மட்டுமே உரியது, மகளுக்குப் பங்கில்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. தலைமுறை தலைமுறையாக இறங்கக்கூடிய, தானம் செய்யவும் பரிவர்த்தனை செய்யவும் விற்கவும் தடையற்ற முழு உரிமையைக் குறிக்கும் மரபுத்தொடராகவே நீதிமன்றங்கள் இதற்கு நெடுங்காலமாகப் பொருள் கொண்டுவருகின்றன. உண்மையில் நின்று கவனிக்க வேண்டிய சொல் ‘ஆயுள் பரியந்தம்’ என்பதுதான். அது வரும் இடத்தில் கிடைப்பது பெரும்பாலும் வாழ்நாள் அனுபவம் மட்டுமே. அப்படிச் சொத்தைப் பெற்றவர் இந்துப் பெண்ணாக இருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

மிகுதியான இழப்பை உண்டாக்கும் சொல் எது என்று கேட்டால், போக்கியம் என்றே சொல்வேன். வேலூரில் வீட்டைப் போக்கியத்துக்கு விடுவது என்றால், ஒரு பெருந்தொகையை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் குடிவைப்பது என்று எல்லாரும் அறிவார்கள். ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி, வட்டிக்கு ஈடாக அனுபவத்தை விட்டுக்கொடுக்கும் அந்த ஏற்பாடு ஓர் அடமானம். தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் எழுதிக்கொடுப்பவரின் கையொப்பமும், இரண்டு சாட்சிகளின் சான்றொப்பமும், பதிவும் கட்டாயம். இதை அறியாமல் சாதாரண முத்திரைத்தாளில் ‘வாடகை ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டு எழுதிக்கொள்பவர்கள், பணம் திரும்பாத நாளில் அந்த வீட்டின்மீது அடமான உரிமையை நிலைநாட்ட முடியாமல் தவிப்பதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: தாத்தா காலத்துப் போக்கியப் பத்திரத்துக்கு 30 ஆண்டு கடந்துவிட்டது, ஆகவே நிலம் போக்கியதாரருக்கே சொந்தமாகிவிட்டது என்று எண்ணுவது. போக்கியத்தைப் பொறுத்தவரை, பத்திரம் எழுதிய தேதியிலிருந்து 30 ஆண்டு ஓடியதாலேயே மீட்கும் உரிமை அழிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவாகக் கூறியிருக்கிறது.

ஒருவர் ஓரம் செல்லரித்த கிஸ்தி (நிலவரி) ரசீது ஒன்றை எடுத்துக்கொண்டு கலங்கிப்போய் என்னிடம் வந்தார். அவருடைய தந்தை 1970-இல் நிலத்தைக் கிரயம் பெற்றிருந்தும், ரசீது விற்றவர் பெயரிலேயே இருந்தது. அதில் ‘பசலி 1374’ என்று எழுதியிருந்ததை 1974 என்று அவர் படித்திருந்தார். பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு; ஆங்கில ஆண்டை அறிய, பசலி எண்ணோடு 590-ஐக் கூட்ட வேண்டும். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அந்த ரசீது 1964 ஜூலை முதல் 1965 ஜூன் வரையிலான வரிக்கு உரியது, அதாவது கிரயத்துக்கு முந்தையது. விற்றவர் பெயர் அங்கே இருந்ததில் வியப்பே இல்லை.

மேற்படி என்பதற்கு எழுதப்படும் ௸ என்ற குறியையும் அலட்சியமாகத் தாண்டிவிடக் கூடாது. இரண்டு பேரின் பெயர்கள் வந்த பிறகு ‘௸யார்’ என்று வந்தால், அது யாரைச் சுட்டுகிறது என்று ஒவ்வொரு முறையும் மேலே போய்ப் பார்த்து, நகல் எடுக்கும்போது முழுப்பெயரையே எழுதிவிடுவது நல்லது.

வழக்காவணங்களில் நடக்கும் தவறு வேறு வகையானது. வழக்குக்குப் பிரதிவாதி தாக்கல் செய்யும் பதிலான எதிர்வுரைகளில் ‘இதில் ஒப்புக்கொண்டவை தவிர மற்ற சங்கதிகள் யாவும் உண்மையல்ல, அவற்றை வாதியே ருசுப்படுத்த (நிரூபிக்க) கடமைப்பட்டவர்’ என்ற வாசகம் வழிவழியாக வருகிறது. அந்த ஒரு வரியே கவசம் என்று நம்பிப் பத்தி பத்தியாகப் பதில் எழுதாமல் விடுவது ஆபத்தானது, ஏனெனில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8-ஆம் கட்டளைப்படி, குறிப்பாக மறுக்கப்படாத சங்கதி ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். மழுப்பலான மறுப்பையும் அக்கட்டளை ஏற்பதில்லை. 50,000 ரூபாய் கடன் கொடுத்ததாக வாதி சொல்லியிருந்தால், ‘50,000 ரூபாய் பெறவில்லை’ என்று மட்டும் எழுதுவது போதாது. அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையோ பெறவில்லை என்று எழுத வேண்டும், அல்லது எவ்வளவு பெற்றார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.