தையல் ரூமை ஒழுங்கு பண்றதும், துணி கெடாம வெச்சுக்கறதும்

தையல் ரூமை சரி பண்ணலாம்னு முடிவெடுத்த உடனே எல்லாரும் முதல்ல போய் டப்பா வாங்குவோம், தயவுசெஞ்சு அதை மட்டும் கடைசியா பண்ணுங்க. முதல் வேலை, வீட்டுல எங்கெங்க துணி கெடக்கோ, கட்டிலுக்கு அடியில, பீரோ மேல, பைக்குள்ள இருக்கற பை, எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து ஒரே எடத்துல கொட்டுறது. அப்பதான் ஒரே கலர் லைனிங் துணிய மூணு தடவை வாங்கி வெச்சிருக்கோம்னு தெரியும். எவ்ளோ இருக்குன்னே தெரியாம எந்த சைஸ் டப்பா வாங்குவீங்க?

கொட்டினதும் கலர் வாரியா பிரிக்கத்தான் கை போகும், பாக்க நல்லாதான் இருக்கும், ஆனா தைக்க உக்காரும்போது நாம "பச்சை துணி எங்க"ன்னு தேட மாட்டோம், "சட்டைக்கு ஆகற காட்டன் எங்க"ன்னுதான் தேடுவோம். அதனால முதல்ல வகை, அப்புறம்தான் கலர். காட்டன் லினன் ஒரு பக்கம், பட்டு கம்பளி தனியா, ஜார்ஜெட் சாட்டின் மாதிரி வழுக்கறது தனியா, பனியன் துணி மாதிரி இழுபடறது தனியா, லைனிங் கேன்வாஸ் எல்லாம் ஒண்ணா. என்ன துணின்னே தெரியலன்னா ஓரத்துல ரெண்டு மூணு நூலை உருவி, இடுக்கியில புடிச்சு, சிங்க் மேல வெச்சு கொளுத்திப் பாருங்க. காட்டன்னா பேப்பர் எரியற வாசனை வரும், சாம்பல் பொடிப்பொடியா உதிரும். பட்டு, கம்பளின்னா முடி கருகற நாத்தம். பாலியஸ்டர் உருகி கெட்டியா ஒரு பாசிமணி மாதிரி நிக்கும். கலப்பு துணியா இருந்தா ரெண்டும் கலந்து வரும்.

அடுத்தது துவைக்கறது. காட்டன் துணிய துவைக்காம ரேக்குல ஏத்தவே ஏத்தாதீங்க. தண்ணி பட்டா சுருங்கும்ங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இன்னொரு காரணம் புதுத்துணியில இருக்கற கஞ்சி, ராமபாணப் பூச்சிக்கு அதுதான் சாப்பாடு. நல்லா காய வெச்சு, இஸ்திரி போட்டா அந்த சூடு முழுசா ஆறினதுக்கு அப்புறம் மடிங்க, லேசா ஈரம் இருந்தாக்கூட மடிப்புக்குள்ள பூஞ்சை புடிச்சிரும்.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கற விஷயம், சீட்டு. மடிக்கறதுக்கு முன்னாடி அளந்து ஒரு சின்ன சீட்டுல எழுதிருங்க: "2¼ மீட்டர், 44 இன்ச், காட்டன், துவைச்சாச்சு". நீளம் மட்டும் எழுதினா பத்தாது, அகலமும் வேணும், ஏன்னா 36 இன்ச் பன்னாவுல (துணியோட அகலத்தத்தான் பன்னாம்பாங்க) ரெண்டு மீட்டரும் 58 இன்ச் பன்னாவுல ரெண்டு மீட்டரும் ஒண்ணு இல்லவே இல்ல. சீட்டை குண்டூசியால குத்தாதீங்க, நூலால கட்டுங்க. நான் ஒரு கிரீம் கலர் பட்டுத்துணியில ஊசி குத்தி வெச்சு, ஒரு வருஷம் கழிச்சு எடுத்துப் பாத்தா ஊசி துருப்புடிச்சு ஏழு மடிப்புலயும் வரிசையா பழுப்பு புள்ளி, ஒரு புள்ளி கூட போகல, கடைசியில அந்தத் துணியில ஒரு சின்ன பைதான் தைக்க முடிஞ்சுது. இப்ப நெனச்சாலும் வருத்தமா இருக்கு.

மடிக்கறது இப்படி. 6 இன்ச் அகலத்துல கெட்டியான ஒரு அட்டை வெட்டிக்கோங்க. 44 இன்ச் துணிய கரையோட கரை சேத்து ஒரு மடி, திரும்ப ஒரு மடி, 11 இன்ச் வரும். அந்தப் பட்டைய அட்டை மேல சுத்திட்டே வாங்க, ரொம்ப இறுக்க வேணாம், முடிஞ்சதும் அட்டைய உருவிட்டா எல்லாத் துணியும் ஒரே அளவுல நிக்கும். அதை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காம புத்தகம் மாதிரி நிறுத்தி வைங்க. அடியில இருக்கறத உருவினா மேல இருக்கறதெல்லாம் சரியற தொல்லை இல்ல, எல்லாமே கண்ணுக்கும் தெரியும்.

வெல்வெட்டை மட்டும் மடிக்காதீங்க, மடிப்புக் கோடு விழுந்தா போறது கஷ்டம், உருளையில சுத்தி வைங்க. பனியன் துணிய தொங்க விடக்கூடாது, தன் எடையிலயே இழுத்துக்கும். பட்டுத்துணிய, துவைச்சு வெச்ச வெள்ளை மல் துணியில சுத்தி, மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை வேற எடத்துல மடிப்பு விழற மாதிரி மாத்தி மடிங்க.

ரேக் ஜன்னலுக்கு எதிர்ல இருந்தா ஒரு திரை போட்டுருங்க, வெயில்ல முதல்ல வெளுக்கறது மடிப்போட விளிம்புதான், அது விரிச்சா கோடு கோடா தெரியும். காத்து போகாத பிளாஸ்டிக் கவர் வேணாம், உள்ள ஈரம் தங்கிரும். அப்புறம் அந்துப்பூச்சி. பறக்கறது துணிய தின்னாது, அது முட்டை போட்டு வர்ற புழுதான் பட்டையும் கம்பளியையும் அரிக்கும், அதுவும் அழுக்கும் வேர்வையும் பட்ட எடமா பாத்து. அதனால சுத்தமா வைக்கறதுதான் முதல் மருந்து. அந்துருண்டை துணி மேல நேரா படக்கூடாது, அதோட நாள் பூரா உக்காந்து தைக்கற ரூம்ல அதை சுவாசிச்சுட்டே இருக்கறதும் நல்லதில்ல, நான் போடறதே இல்ல.

மேஜை விஷயத்துல, மிஷின் வைக்கற மேஜை 28லருந்து 30 இன்ச் உயரம் போதும், ஆனா துணி வெட்டறதுக்கு 36 இன்ச் பக்கம் வேணும். குனிஞ்சு தரையில வெட்டிட்டு முதுகு புடிச்சுக்குதுன்னு சொல்றவங்க இதை மட்டுமாவது மாத்துங்க, மேஜைக் காலுக்கு கீழ கட்டை குடுத்தாக்கூட போதும், ஆடாம இருக்கணும் அவ்ளோதான். வலது கை பழக்கம்னா லைட் இடது பக்கம் இருக்கட்டும், கை நிழல் தையல் மேல விழாது.

சில்லறை சாமானெல்லாம் மூடி வழியா உள்ள தெரியற டப்பாவுல. பாபினை, அதான் மிஷினுக்கு அடியில போடற சின்ன நூல் உருளைய, அதே கலர் நூல்கண்டோட சேத்து வைங்க. மிஷின் ஊசி 11, 14, 16ன்னு நம்பர் வாரியா பிரிச்சு வைங்க, பாதி ஓடின ஊசிய புதுசோட கலக்காதீங்க. பழைய நூலை ரெண்டு கையிலயும் புடிச்சு வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க, சட்டுனு அறுந்தா அதை மிஷின்ல போடாதீங்க, ஹெம் (ஓரத்தை மடிச்சு தைக்கற எடம்) பக்கத்துல போகும்போதுதான் அறுந்து தொலைக்கும். துணிக் கத்தரிய பேப்பர் வெட்ட யாருக்கும் குடுக்காதீங்க, கைப்பிடியில ஒரு ரிப்பன் கட்டிட்டா வீட்டுல எல்லாருக்கும் புரிஞ்சிரும்.

வெட்டுத்துணிக்கு ஒரே ஒரு டப்பா. அது ரொம்பினா அன்னைக்கே உக்காந்து, உள்ளங்கைய விட சின்னதா இருக்கறதெல்லாம் குஷனுக்குள்ள அடைக்கப் போட்டுருங்க, ரெண்டாவது டப்பா மட்டும் தொறக்காதீங்க.